பிறப்பைக் கேட்ட பரீட்சை

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த வாசகசாலைத் தோழர்கள் நம்மை அழைத்தபோது, ஏதாவது ஒரு நல்ல புத்தகத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நாமோ எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர்கள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் இதைப்போன்ற வாசகசாலைகளிலும், ரயில் வண்டியிலும், பிறரிடம் இரவல் வாங்கியுந்தான். ஆகையால் பண்டிதர்கள் பேசுவதுபோல் நம்மால் பேச முடியாது. படித்ததைச் சொல்லுகிறோம், அதிலிருந்து நமக்குத் தோன்றியதையும் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இன்று நாம் பேசப்போவது ஒரு கணித நிபுணர் தம்முடைய வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய புத்தகம். அவர் பெயர் எட்வர்ட் பிரெங்கல். 1968-ஆம் வருஷத்தில் ருஷியாவில் பிறந்தவர். காதலும் கணிதமும் என்று பொருள்படும் தலைப்போடு 2013-இல் அமெரிக்காவில் இந்தப் புத்தகம் வெளிவந்தது. இதில் பெரும் பாகம் உயர்தரக் கணிதம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தும், அந்தப் பாகம் நமக்கு முழுதும் விளங்கிற்று என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அவர் தம் குடும்பத்தைப் பற்றியும், படிப்புக்குப் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதியிருப்பது நன்றாக விளங்கிற்று. அதை விளங்கிக்கொள்ளக் கணக்குத் தெரியவேண்டியதில்லை. இந்த நாட்டில் பிறந்திருந்தாலே போதும்.

தகப்பனாரும் பிள்ளையும்

மாஸ்கோ பட்டணத்துக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் கொலோம்னா என்று ஒரு தொழிற்சாலை ஊர் இருக்கின்றது. அங்கே தாய் தந்தை இருவரும் இஞ்சினீயர்கள். தாயார் ருஷியர், தகப்பனார் யூதர். அந்தத் தகப்பனாருடைய தகப்பனாரை ஸ்டாலின் காலத்தில் ஜனங்களின் விரோதி என்று பெயர் சூட்டி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பலனாகப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பௌதிகப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. விரோதியின் மகன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் வேறு வழியில் படித்து இஞ்சினீயராகிப் பிழைத்தார். மூன்றாவது தலைமுறைதான் நமது பிரெங்கல். பாட்டனுக்குச் சிறை, மகனுக்கு இடம் இல்லை, பேரனுக்கு என்ன நடந்தது என்பதுதான் கதை.

பிரெங்கலுக்குச் சிறுவயதில் கணக்கில் ஆசையே இல்லையாம். பௌதிகத்தில்தான் ஆசை. அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றி எழுதிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். அந்த ஊர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பெட்ரோவ் என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். குடும்பத்துக்குத் தெரிந்தவர். அவர் பிள்ளையிடம், “குவார்க் என்னும் துகள்கள் இருக்கவேண்டும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா?” என்கிற மாதிரி ஒரு கேள்வியைப் போட்டார். பிள்ளை விழித்தார். அது கணிதத்தைக்கொண்டு கண்டுபிடித்தது என்று விளக்கி, சில புத்தகங்களையும் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சலிப்பாய் இருந்த கணக்குக்குப் பின்னால் இப்படி ஓர் உலகம் இருக்கிறதா என்று பிள்ளை அதிலேயே மூழ்கிவிட்டார்.

தோழர்களே! இதைக் கவனியுங்கள். பெட்ரோவ் அந்தப் பிள்ளையின் ஜாதகத்தைப் பார்க்கவில்லை. நாக்கில் சரஸ்வதி எழுதினாளா என்று கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். நாலு புத்தகம் கொடுத்தார். வந்து கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அறிவு வளருவதற்கு உலகத்தில் வேறு மந்திரம் கிடையாது.

ஐந்தாவது வரி

1984-இல் பிரெங்கலுக்கு வயது 16. மாஸ்கோ சர்வகலாசாலையின் கணிதப் பிரிவில் சேர விரும்பினார். அந்த நாட்டிலேயே கணிதத்துக்குப் பெயர்போன இடம் அது. ஆனால் முன்கூட்டி விசாரித்தபோதே, யூதர்களை இங்கே எடுப்பதில்லை, வீணாக முயற்சி செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். சோவியத் ராஜ்யத்தில் ஒவ்வொரு பிரஜைக்கும் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டு ஒன்று உண்டு. அதில் குடும்பப் பெயர், இயற்பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி இவைகளுக்கு அடுத்தபடியாக, ஐந்தாவதாக ‘இனம்’ என்று ஒரு வரி. ருஷியன், உக்ரேனியன், யூதன் என்று அதிலே எழுதியிருக்கும். ‘ஐந்தாவது வரி’ என்றால் அந்நாட்டில் சிறு பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும்.

இதிலே ஒரு வேடிக்கை. பிரெங்கலின் தாயார் ருஷியர் ஆனபடியால், அவருடைய காகிதத்தில் ருஷியன் என்றே எழுதியிருந்தது. யூத மதச் சட்டத்தைப் பார்த்தாலோ, தாய் வழியாக வந்தவன்தான் யூதன். ஆகவே அந்த மதத்தின் கணக்கிலும் அவர் யூதர் அல்ல. அவரும் மத அனுஷ்டானம் செய்து வளர்ந்தவர் அல்ல. மதப்படியும் இல்லை, சர்க்கார் காகிதப்படியும் இல்லை. அப்படியானால் அவரை யூதர் என்று எதைக்கொண்டு தீர்மானித்தார்கள்? குடும்பப் பெயரைக்கொண்டு! பெயரைக் கேட்டார்கள், பிறகு தகப்பனாரைக் கேட்டார்கள், தீர்மானித்துவிட்டார்கள். “தம்பிக்குச் சொந்த ஊர் எது? அப்பா பெயர் என்ன?” என்று அன்போடு விசாரிக்கிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த விசாரணைக்கும் இதற்கும் பாஷைதான் வேறு.

நாலு மணி நேரப் பரீட்சை

ஆனாலும் பிள்ளை பின்வாங்கவில்லை. எழுத்துப் பரீட்சை எழுதினார். பிறகு வாய்மொழிப் பரீட்சைக்குப் போனார். கேள்விச் சீட்டுக்கு விடை தயார் செய்துகொண்டு கையைத் தூக்கினார். பரீட்சகர்கள் மற்றப் பிள்ளைகளிடம் போனார்களேயொழிய இவரிடம் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, உன்னோடு பேச எங்களுக்கு உத்தரவில்லை என்று பதில் வந்தது. பிறகு இவருக்கென்றே இரண்டு பேர் தனியாக வந்தார்கள்.

வட்டம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரு தளத்தில், ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்திலுள்ள புள்ளிகளின் கூட்டம் என்று சொன்னார். எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிற விடைதான். அது தவறு என்றார்கள். ‘எல்லாப்’ புள்ளிகளின் கூட்டம் என்று சொல்லியிருக்கவேண்டுமாம்! இந்த மாதிரியே ஒவ்வொரு வார்த்தைக்கும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பாடத்தில் இல்லாத கணக்குகளையெல்லாம் கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு மேல் 16 வயதுப் பிள்ளையை வாட்டினார்கள். கடைசியில் பிள்ளை, இனி இதில் பிரயோசனமில்லை என்று கண்டு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது வாட்டியவர்களில் ஒருவரே, நீ நன்றாகத்தான் செய்தாய், எண்ணெய் எரிவாயு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போ, உன்னைப்போன்றவர்களை அங்கே எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்று யோசனை சொன்னாராம்.

தோழர்களே! அந்தப் பரீட்சகருக்குப் பிள்ளையின் திறமை தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தள்ளினார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தள்ளுவதற்கென்றே தனியாகக் கணக்குகள் வைத்திருந்தார்கள். அவைகளுக்குச் ‘சவப்பெட்டி’ என்று பெயர். விடை இரண்டு வரியில் இருக்கும். பார்த்தால் சுலபமாகத் தோன்றும். ஆனால் யோசித்துக் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். நாளைக்கு யாராவது ஆட்சேபித்தால், “இவ்வளவு சின்னக் கணக்கு இவனுக்குத் தெரியவில்லையே” என்று காட்டிவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இது ஒரு பிள்ளைக்கு மாத்திரம் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று சொல்லுவாரும் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கின்றது. கனெவ்ஸ்கி, செண்டெரோவ் என்னும் இரண்டு கணிதக்காரர்கள், மாஸ்கோவில் சில விசேஷப் பள்ளிக்கூடங்களிலிருந்து 1979-இல் இதே கணிதப் பிரிவுக்கு மனுப்போட்ட பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். யூத சம்பந்தம் இல்லாத பிள்ளைகள் 47 பேர். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 40 பேர். யூத சம்பந்தம் உள்ளவர்கள் 40 பேர். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 6 பேர். அதாவது ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 85. மறு பக்கத்தில் நூற்றுக்கு 15. யூதப் பிள்ளைகள் மட்டமோ என்றால், கணிதப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள் முதல் கூட்டத்தில் 14 பேர். இரண்டாவது கூட்டத்தில் 26 பேர். பரிசு வாங்கிய 26 பேர் உள்ள கூட்டத்தில் தேறியது 6 பேர்தான் என்றால், அந்தப் பரீட்சை எதை அளந்தது? கணக்கையா, பிறப்பையா? இப்படி எண்ணிச் சொன்னதற்காக அவர்களுக்குக் கிடைத்த பரிசு, 1982-இல் கைது.

தராசு நல்ல தராசாகவே இருக்கலாம். பிடிக்கிற கை எந்தக் கை, அது எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று பார்க்காதவன் சந்தைக்குப் போகாமலிருப்பதே மேல். தகுதி தகுதி என்று நம்மிடம் யார் சொன்னாலும், தகுதியை அளந்தவர் யார், எப்படி அளந்தார், அளந்த கணக்கை வெளியே காட்டுவாரா என்று கேட்பது நமது கடமையாகும்.

நாம் புகழ்ந்த ராஜ்யம்

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் நாம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் யோக்கியமாகாது. பெரியார் அவர்கள் 1932-இல் ருஷியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது முதல் இந்த இயக்கத்தார் அந்த ராஜ்யத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். ஜார் சக்கரவர்த்தி ஒழிந்தான், புரோகிதன் ஒழிந்தான், எழுத்தறியாமை ஒழிந்தது என்று நாமும் பேசியிருக்கிறோம். எழுத்தறிவு பரவியது உண்மைதான். அதை இப்போதும் மறுக்கவில்லை.

ஆனால் கோயிலைப் பூட்டிய அதே சர்க்கார்தான் பிறப்பைக் காகிதத்தில் எழுதி வைத்தது. கடவுள் இல்லை என்று பாடம் சொன்ன அதே சர்வகலாசாலையில்தான் தகப்பன் யார் என்று கேட்டார்கள். ஆகவே, கடவுளை ஒழித்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு நாம் தூங்கிவிடக் கூடாது. பிறப்பைக்கொண்டு மனிதனை மட்டம் தட்டுகிற புத்தி இருக்கிறதே, அதற்குப் புரோகிதன் வேண்டும் என்கிற அவசியமில்லை. குமாஸ்தாவின் பேனாவே போதும். நாம் புகழ்ந்த இடத்தில் தவறு நடந்திருந்தால் அதை நாமேதான் முதலில் சொல்லவேண்டும். எதிரியின் குற்றத்தை மாத்திரம் பார்க்கிறவன் பகுத்தறிவாளன் அல்ல.

வீட்டுக்குள் ஒரு சர்வகலாசாலை

இனி, தள்ளப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள். பிரெங்கல் பரீட்சைக்குப் போவதற்கு ஆறு வருஷங்களுக்கு முன், 1978-இல், மாஸ்கோவில் பெல்லா சுப்போட்டோவ்ஸ்காயா என்னும் பெண்மணி ஒரு காரியம் செய்தார். அவரும் கணிதம் படித்தவரே. கதவடைக்கப்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். பெரிய பெரிய கணித நிபுணர்கள் சம்பளம் இல்லாமல் வந்து பாடம் சொன்னார்கள். வீடு போதாமற்போனபோது, காலியாய்க் கிடைத்த வகுப்பறைகளில் நடத்தினார்கள். நகல் எடுக்கும் யந்திரங்களைச் சர்க்கார் காவல் வைத்துப் பார்த்த காலத்தில், எப்படியோ பாடக் குறிப்புகளை நகல் எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மையார். பசியோடு வருகிற பிள்ளைகளுக்கு ரொட்டியும் தம் கையால் தயார் செய்து கொடுத்தார். சுமார் 350 பேர் அங்கே படித்தார்கள். பட்டம் கிடையாது, உத்தியோகம் கிடையாது, படிப்பு மாத்திரம் உண்டு.

1982-இல் போலீசு விசாரணை வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் மாதத்தில், தாயாரைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பிய அந்த அம்மையார் தெருவில் லாரி மோதி இறந்துபோனார். அது விபத்துத்தானா என்று அவரை அறிந்தவர்களில் பலருக்குச் சந்தேகம் உண்டு. நிரூபணம் இல்லாததை நாம் உண்மையென்று சொல்லுவதில்லை. அடுத்த வருஷம் அந்தப் படிப்பு நின்றுவிட்டது என்பது மாத்திரம் நிச்சயம்.

மண்ணெண்ணெய் அடுப்பும் பின்னலும்

1984-இல் பிரெங்கல் வந்தபோது அந்த வீட்டுப் பள்ளிக்கூடம் இல்லை. பரீட்சகர் சொன்னபடியே எண்ணெய் எரிவாயு இன்ஸ்டிட்யூட்டில் போய்ச் சேர்ந்தார். அதற்கு மாணவர்கள் வைத்த செல்லப் பெயர் மண்ணெண்ணெய் அடுப்பு என்று பொருள்படும். மேல் இடத்தில் தள்ளப்பட்ட பிள்ளைகளெல்லாம் அங்கே வந்து கூடினபடியால், அந்த அடுப்பு நன்றாகவே எரிந்தது.

ஆனால் அங்கே இருந்தது தொழிலுக்கு வேண்டிய கணிதந்தான். உயர்ந்த கணிதம் வேண்டுமானால் சர்வகலாசாலைக்குத்தான் போகவேண்டும். அதற்கோ அனுமதிச் சீட்டு வேண்டும், வாசலில் காவல். பிள்ளை என்ன செய்தார்? வேலி ஏறிக் குதித்தார்! தோழர்களே, பழம் திருட வேலி ஏறுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பாடம் கேட்க வேலி ஏறிக் குதித்த பிள்ளையை இப்போதுதான் கேள்விப்படுகிறோம். உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத் திரும்புவாராம்.

இப்படி இருக்கையில், இன்ஸ்டிட்யூட்டிலேயே ஆசிரியராயிருந்த வார்ச்சென்கோ என்னும் கணித நிபுணர் ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, ஒரு கணக்கைத் தீர்த்துப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். டிமிட்ரி பூக்ஸ் என்பவரிடம் அனுப்பி வைத்தார். இந்தப் பூக்ஸ் யார் தெரியுமா? அந்த அம்மையாரின் வீட்டுச் சர்வகலாசாலையில் சம்பளமில்லாமல் பாடம் சொன்னவர்களில் ஒருவர். அம்மையார் இறந்துபோனார், பள்ளிக்கூடமும் மூடியாயிற்று, ஆனாலும் அங்கே பாடம் சொன்ன மனிதர் இருந்தார், வேலி ஏறி வந்த பிள்ளைக்கு வழிகாட்ட.

பூக்ஸ் கொடுத்த கணக்கு பின்னல்களைப் பற்றியது. தாய்மார்களுக்கு இது நம்மைவிட நன்றாக விளங்கும். தலைமயிரைப் பின்னுகிறீர்கள். ஒரு பின்னலுக்குக் கீழே இன்னொரு பின்னலைத் தொடுத்தால் அதுவும் ஒரு பின்னல். பின்னியதையே தலைகீழ் வரிசையில் பின்னிக்கொண்டு போனால் அவிழ்ந்து நேர் மயிராகிவிடும். எண்களைக் கூட்டிக் கழிப்பதுபோல் பின்னல்களையும் சேர்க்கலாம், அவிழ்க்கலாம் என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கணிதமே இருக்கின்றது. அதில் யாரும் தீர்க்காத ஒரு கேள்வியைப் பிள்ளை எடுத்துக்கொண்டார். பல மாதங்கள் தூக்கமில்லாமல் உடம்பு கெட்டது. கடைசியில் விடை வந்தது. உலகத்தில் அதுவரையில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்துவிட்டது என்கிற சந்தோஷத்தை அவர் எழுதியிருக்கும் இடத்தை, தாய்பாஷையல்லாத பாஷையில் படித்தும், நமக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கட்டுரை 1988-இல் அச்சாயிற்று.

1989-இல் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலை அவரை வந்திருக்கும் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது 21. மாணவனாகச் சேர யோக்கியதை இல்லையென்று ஓர் இடத்தில் தள்ளப்பட்டவர், ஐந்து வருஷத்தில் வேறோர் இடத்தில் பேராசிரியர்! அங்கேயே 1991-இல் டாக்டர் பட்டமும் பெற்று, 1997-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அதே 1991-இல் சோவியத் ராஜ்யம் மறைந்தது. 1997-இல் ருஷியப் பாஸ்போர்ட்டிலிருந்து அந்த ஐந்தாவது வரியும் எடுபட்டது.

எண்ணப்படாதவர்கள்

தோழர்களே! இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சில கனவான்கள், “பார்த்தீர்களா! திறமை இருந்தால் எந்தத் தடையையும் தாண்டி வந்துவிடலாம். பின் எதற்குக் கூச்சல்?” என்று சொல்ல வருவார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். வேலியைத் தாண்டி வந்த ஒருவருடைய பெயர் நமக்குத் தெரிகிறது. தாண்ட முடியாமல் திரும்பிப்போனவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? இந்தப் பிள்ளைக்குப் படித்த தாய் தந்தையர் இருந்தார்கள். ஒரு பெட்ரோவ் இருந்தார். ஒரு வார்ச்சென்கோ இருந்தார். ஒரு பூக்ஸ் இருந்தார். இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் கதை வேறு விதமாக முடிந்திருக்கலாம். அவருடைய தகப்பனாரையே பாருங்கள். அவருக்கு ஆசையில்லையா, அறிவில்லையா? எல்லாம் இருந்தும் பௌதிகம் கிடைக்காமலே அவர் காலம் போயிற்று. மகனுடைய வெற்றியைக் காட்டித் தகப்பனுக்குச் செய்த அநியாயத்தை மறைக்க முடியாது. தாண்டினவரைப் பாராட்டுவோம், ஆனால் பாராட்டுகிற சாக்கில் வேலியைப் புகழக் கூடாது. வேலி பிடுங்கப்படவேண்டியதே!

அந்த அம்மையார் செய்ததைப்போல் உயிரைப் பணயம் வைக்கும்படி உங்களை நாம் கேட்கவில்லை. இந்த வாசகசாலையின் கதவை இரவு ஒன்பது மணிவரையில் திறந்து வையுங்கள். உங்கள் தெருவில், கேள்வி மேல் கேள்வி கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்குகிற பையனோ பெண்ணோ ஒருவர் கட்டாயம் இருப்பார். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். கையில் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். பெட்ரோவ் செய்தது அவ்வளவே.